குந்தி எழுந்தால் கண் இருட்டுகிறது. கோயில் சேவையை விட்டுவிடவா?

கேள்வி: வயது 68. ஓய்வுபெற்று நங்கநல்லூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். பேத்தியை ஸ்கூட்டரில் பள்ளியில் விடுவது, மொட்டை மாடித் தோட்டம், சனிக்கிழமை கோயில் அன்னதானத்தில் பரிமாறுவது என்று பொழுது போகிறது. இரண்டு மாதமாக, செடித் தொட்டி அருகே குந்தி எழுந்தால் கண் இருட்டுகிறது. போன சனிக்கிழமை பந்தியில் சாம்பார் வாளியோடு தடுமாறிவிட்டேன். பிரஷர் உட்கார்ந்து பார்த்தால் 130/80. டெல்மிசார்டான் 40, ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 சேர்ந்த மாத்திரை, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், பிராஸ்டேட்டுக்கு இரண்டு மாதமாக டாம்சுலோசின் 0.4. எல்லாவற்றையும் காலை 6 மணிக்கே காபிக்கு முன் போட்டுவிடுவேன். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வீட்டில் உட்காருங்கள் என்கிறான் மகன். என்ன செய்யட்டும்?

பதில்: ஐயா, தடுமாற்றமும் டாம்சுலோசினும் ஒரே சமயத்தில் வந்திருப்பதை உங்கள் கடிதமே சொல்கிறது. அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கு மேல் ரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்கும். உடனே ரத்தக்குழாய்கள் சுருங்கி மூளைக்குப் போகும் அழுத்தத்தைக் காப்பாற்றும். டாம்சுலோசின் சிறுநீர்ப் பாதையைத் தளர்த்தும்போது இந்தக் குழாய்களையும் கொஞ்சம் தளர்த்துகிறது. வெறும் வயிற்றில் போட்டால் ரத்தத்தில் அது அதிகமாக ஏறும். கூடவே உங்கள் பிரஷர் மாத்திரையில் நீர் பிரிக்கும் மருந்தும் இருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில், வெறும் வயிற்றில், அதுவும் சென்னை வெயிலில். உட்கார்ந்து பார்த்த 130/80 இதைக் காட்டாது.

வீட்டிலேயே பார்க்கலாம். மணிக்கட்டில் கட்டும் கருவி வேண்டாம், மேற்கையில் கட்டுவதுதான் சரி. மாத்திரை போட்டு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து 5 நிமிடம் மல்லாந்து படுத்து ஒரு அளவு எடுங்கள். எழுந்து நின்று 1 நிமிடத்தில் ஒன்று, 3 நிமிடத்தில் ஒன்று. பக்கத்தில் மகன் நிற்கட்டும். நிற்கும்போது கையைத் தொங்கவிட்டால் அளவு கூடுதலாகக் காட்டும், இறக்கம் தெரியாமலே போய்விடும். நெஞ்சு உயரத்துக்கு அலமாரித் தட்டில் வைத்துக்கொள்ளுங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் சந்தேகம் உறுதி. நாடித்துடிப்பையும் எழுதுங்கள். அழுத்தம் இறங்கியும் துடிப்பு ஏறவே இல்லையென்றால், சர்க்கரை நரம்புகளைத் தொட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். மூன்று நாள் எழுதிய தாளோடு உங்கள் மருத்துவரைப் பாருங்கள். ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின், ஹீமோகுளோபின், சர்க்கரை, கூடவே ஒரு ஈசிஜி.

எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். டாம்சுலோசினை ராத்திரிச் சாப்பாடு முடிந்து அரை மணி கழித்துப் போடலாமா என்று கேளுங்கள், பெரும்பாலும் சரி என்பார். ஆனால் அப்படி மாற்றினால் ஆபத்து ராத்திரிக்கு நகரும். சிறுநீர் கழிக்க எழும்போது கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, விடிவிளக்கு வெளிச்சத்தில் போங்கள். கழிப்பறையிலும் உட்கார்ந்தே கழியுங்கள். மெட்ஃபார்மினும் சாப்பாட்டோடு போட வேண்டியதுதான், காபிக்கு முன் இல்லை.

கோயிலில் கழிப்பறைக்கு அலைய வேண்டுமே என்று பலர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுகிறார்கள். நீங்களும் அப்படியா? இதயம், சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால், கிளம்புவதற்குக் கால் மணி முன் இரண்டு டம்ளர் தண்ணீரை மடமடவென்று குடியுங்கள். சிறிது நேரத்துக்கு அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்கும். உப்பைக் கூட்டச் சொல்லும் வாட்ஸ்அப் வைத்தியம், பிரஷர் மாத்திரை சாப்பிடும் உங்களுக்கு ஆகாது.

தோட்டத்தில் குந்துவதை விடுங்கள். ஒரு அடி உயர முக்காலி போதும், தொட்டிகளைச் செங்கல் அடுக்கி உயர்த்தினால் இன்னும் நல்லது. எழுவதற்கு முன் குதிகாலைப் பத்துப் பதினைந்து முறை தூக்கி இறக்கி, கைப்பிடிச் சுவரைப் பிடித்து எழுந்து, நகராமல் பத்து எண்ணுங்கள்.

அன்னதானத்தை விட வேண்டியதில்லை, ஆனால் வெறும் வயிற்றோடு போகக் கூடாது. இரண்டு இட்லியாவது உள்ளே போகட்டும். அடுப்புப் பக்கம், குனிந்து நிமிரும் பந்தி, சாம்பார் வாளி மூன்றும் இப்போதைக்கு மற்றவர்களுக்கு. காய் நறுக்க, டோக்கன் கொடுக்க எப்போதும் ஆள் தேவைப்படும். நிற்க நேர்ந்தால் கால்களைக் குறுக்காக வைத்துத் தொடையை இறுக்குங்கள். கண் இருட்டினால் வெட்கப்படாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுங்கள். பொங்கலும் வடையுமாக வயிறு நிறையச் சாப்பிட்ட பின் ஒன்றிரண்டு மணி நேரம் அழுத்தம் மேலும் இறங்கும். உடனே பாத்திரம் கழுவ நிற்காதீர்கள்.

நினைவு தப்பினால், நெஞ்சு வலித்தால், பேச்சு குழறினால், ஒரு பக்கம் கை கால் தளர்ந்தால், மலம் கறுப்பாகப் போனால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், நேரே 108. படுக்கையில் புரளும்போது அறையே சுற்றினால் அது காதுச் சிக்கலாக இருக்கலாம், அதற்கு வைத்தியம் வேறு.

மகன் சொல்வதில் ஒன்றை மட்டும் கேளுங்கள். நிற்கும்போது எடுக்கும் அளவுகள் சரியாகும்வரை பேத்தியை ஸ்கூட்டரில் ஏற்றாதீர்கள். பள்ளி பக்கமாக இருந்தால் கையைப் பிடித்து நடந்தே கூட்டிப் போங்கள், தூரமென்றால் ஆட்டோ.