நம்பிக்கையான ஷோரூம்தான், ஆனால் லோனை அங்கே வாங்காதீர்கள்

கேள்வி: திருமங்கலத்தில் தனியார் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். என் மகன் மதுரையில் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. பஸ்ஸை நம்பி ஷிஃப்டுக்குப் போக முடியவில்லை என்பதால் 125 சிசி பைக் ஒன்று வாங்க நினைக்கிறோம். மதுரையில் உள்ள ஒரு ஷோரூமில்தான் என் கொழுந்தனார், பக்கத்து வீட்டுக்காரர், உடன் வேலை பார்க்கும் ஆசிரியர் எல்லோரும் வாங்கியிருக்கிறார்கள். ஒருவர்கூடக் குறை சொன்னதில்லை. கொழுந்தனார் வண்டியில் ஸ்டார்ட்டர் மோட்டார் கெட்டபோது வாரன்டியில் மாற்றிக் கொடுத்தார்களாம்.

கொட்டேஷன் 1,23,500 ரூபாய். முன்பணம் 33,500, மீதி 90,000-க்கு அங்கேயே லோன். 10 சதவீத வட்டி, 36 மாதம், மாதம் 3,250. பிராசஸிங், டாக்குமென்ட் செலவு 3,000 தனி. மகனுக்குச் சம்பளச் சீட்டு போதாது என்று வண்டியையும் லோனையும் என் பெயரில் போடச் சொல்கிறார்கள். ரொக்கம் என்றால் வண்டி வர மூன்று வாரம், லோன் என்றால் இரண்டே நாள் என்கிறார்கள். அரசு வங்கியில் 1,60,000 ரூபாய் எஃப்.டி 6.5 சதவீத வட்டியில் இருக்கிறது. அவசரத்துக்கென்று வைத்திருப்பதால் உடைக்க மனமில்லை. நல்ல ஷோரூம் என்பதால் அவர்கள் சொன்னபடியே செய்துவிடலாமா?

பதில்: வண்டியை அங்கேயே வாங்குங்கள். லோனை அங்கே வாங்காதீர்கள். எஃப்.டி-யை உடைக்கவும் வேண்டாம், அதன்மேல் உங்கள் வங்கியிலேயே கடன் வாங்குங்கள். வண்டி உங்கள் பெயரில் வேண்டாம், மகன் பெயரில் பதிவாகட்டும். இந்தக் கடைசி விஷயம்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் உறவினரும் அக்கம்பக்கத்தாரும் சொன்னதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. வாரன்டியில் ஸ்டார்ட்டர் மோட்டாரை இழுத்தடிக்காமல் மாற்றிக் கொடுக்கும் சர்வீஸ் சென்டர் கிடைப்பது பெரிய விஷயம். இணையத்தில் ஷோரூமுக்கு ஐந்து நட்சத்திரம் போடுபவர்களில் பலர், மாலை போட்டுச் சாவி வாங்கிய அன்றைக்கே போட்டுவிடுகிறார்கள். அன்று யாருக்குத்தான் மனம் நிறைந்திருக்காது? உங்களுக்குக் கிடைத்திருப்பது ஒரு வருடம், இரண்டு வருடம் வண்டி ஓட்டியவர்களின் பேச்சு. அதை நம்பலாம்.

ஆனால் அவர்கள் பேச்சை இன்னொருமுறை கவனியுங்கள். எல்லாமே சர்வீஸ் பற்றியது. லோன் எப்படி இருந்தது, இன்சூரன்ஸில் எவ்வளவு பிடித்தார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை, நீங்களும் கேட்டிருக்க மாட்டீர்கள். ஷோரூமில் லோன் பேசுகிற அந்த மேஜையில் உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் ஷோரூம் ஊழியரே கிடையாது, ஒரு நிதி நிறுவனத்தின் ஆள். லோன் பிடித்துக் கொடுத்தால் ஷோரூமுக்குக் கமிஷன் உண்டு, இன்சூரன்ஸிலும் உண்டு. இருசக்கர வாகன விற்பனையில் டீலருக்குக் கிடைக்கும் லாபம் மெலிசு. அதனால் இந்த வழிகளில் வருமானம் பார்ப்பதை நான் குற்றமாகச் சொல்ல மாட்டேன். ஆனால் கொழுந்தனார் நம்புவது ஒர்க்‌ஷாப் சூப்பர்வைசரை. நீங்கள் கையெழுத்துப் போடப்போவது அவரிடம் இல்லை.

இப்போது அந்த 10 சதவீதம். இது பிளாட் வட்டி. 90,000-க்கு வருடம் 9,000 வீதம் மூன்று வருடத்துக்கு 27,000. மொத்தம் 1,17,000-ஐ 36-ஆல் வகுத்தால் 3,250. அதாவது, 35 தவணை கட்டி முடித்த பிறகும் முழு 90,000-மும் உங்கள் கையிலேயே இருப்பதுபோலக் கணக்கிட்டு வட்டி போடுகிறார்கள். மாதாமாதம் குறைந்துவரும் அசலுக்கு மட்டும் வட்டி என்று கணக்கிட்டால் இது வருடத்துக்குச் சுமார் 18 சதவீதம். முன்னால் பிடிக்கும் 3,000 ரூபாயையும் சேர்த்தால் 20-ஐத் தாண்டிவிடும். நான் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டாம். 2024 அக்டோபர் 1 முதல், தனிநபருக்குத் தரும் எந்தச் சில்லறைக் கடனாக இருந்தாலும் எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த வருடாந்திர வட்டி விகிதத்தைக் குறிப்பிட்டு ‘கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்’ என்ற தாளைக் கடன் கொடுப்பவர் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. லோன் மேஜையில் அந்தத் தாளைக் கேளுங்கள். 10 என்று வாயால் சொன்னது தாளில் என்னவாக இருக்கிறது என்று பாருங்கள்.

எஃப்.டி-மேல் கடன் என்றால் பல வங்கிகளில் எஃப்.டி வட்டியைவிட 1 அல்லது 2 சதவீதம்தான் கூடுதல். உங்களுக்கு 7.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். எஃப்.டி அப்படியே இருக்கும், அதற்கு வட்டியும் வந்துகொண்டிருக்கும். சம்பளச் சீட்டு தேவையில்லை, ஜாமீன்தாரர் தேவையில்லை. ஆர்.சி-யில் நிதி நிறுவனத்தின் பெயர் ஏறாது. அதனால் கடன் முடிந்ததும் அந்தப் பெயரை நீக்கத் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வாங்கிக்கொண்டு ஆர்.டி.ஓ அலுவலகத்துக்கு அலையும் வேலை மிச்சம். அவசரத்துக்கான பணம் முடங்கிவிடுமே என்று தோன்றும். 1,60,000-இல் நீங்கள் எடுக்கப்போவது 80,000 வரைதான். பொதுவாக எஃப்.டி தொகையில் 90 சதவீதம் வரை கடன் தருவார்கள் என்பதால், திடீர்ச் செலவு வந்தால் இன்னொரு 60,000-க்கும் இடம் இருக்கிறது. கட்டக் கட்ட அது கூடிக்கொண்டே போகும். ஒரே ஒரு ஆபத்து, யாரும் போன் போட்டுத் தவணை கேட்க மாட்டார்கள் என்பது. மகன் சம்பளக் கணக்கிலிருந்து சம்பளம் வந்த மறுநாளே 3,250 ரூபாய் தானாக இந்தக் கடனுக்குப் போகும்படி ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் கொடுத்துவிடுங்கள்.

80,000 எப்படிப் போதும் என்கிறீர்களா? நீங்கள் அனுப்பிய கொட்டேஷனில் பத்தாயிரம் ரூபாய் தேவையில்லாமல் இருக்கிறது. எக்ஸ்ஷோரூம் விலை 92,500, சாலை வரியும் பதிவும் 11,400. இந்த இரண்டிலும் பேச ஒன்றுமில்லை. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து ஒரு லட்சம் வரையிலான புது இருசக்கர வாகனத்துக்கு வாழ்நாள் வரி 10 சதவீதம், அதற்கு மேல் 12. அது அரசுக்குப் போகிற பணம்.

மற்றவை அப்படி இல்லை. ஹேண்ட்லிங் சார்ஜ் 1,500 என்று ஒரு வரி. வண்டியைக் குடோனிலிருந்து ஷோரூமுக்குக் கொண்டுவருவது அவர்கள் வியாபாரம். அதற்குத் தனியாகப் பணம் வாங்க எந்த அரசுக் கட்டணப் பட்டியலிலும் இடமில்லை. ‘இதை எடுத்துவிடுங்கள்’ என்று நேராகச் சொல்லுங்கள். டெஃப்லான் கோட்டிங் 1,150. புது பெயின்ட்டுக்கு இது எதற்கு? ஹெல்மெட் 1,200. மத்திய மோட்டார் வாகன விதி 138, வண்டி வாங்கும்போதே தரச்சான்று பெற்ற ஹெல்மெட் ஒன்றைத் தயாரிப்பாளர் தர வேண்டும் என்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். பின்னால் உட்காருபவருக்கான இரண்டாவது ஹெல்மெட்டை வெளியே நீங்களே பார்த்து, தலைக்குப் பொருந்துகிறதா என்று போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

அக்சஸரீஸ் 5,900 என்று மொத்தமாகப் போட்டிருக்கிறார்கள். பிரித்துக் கேளுங்கள். உங்களுக்குக் கட்டாயம் வேண்டியது சேலை கார்டு. பின்சக்கரத்தின் பாதியையாவது மூடும் பாதுகாப்பு வண்டியிலேயே இருக்க வேண்டும் என்று விதி 123 சொல்கிறது. அது ஏற்கெனவே வண்டியோடு வருகிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். கால் அடிபடாமல் காக்கும் முன்பக்க கார்டு போட்டுக்கொள்ளலாம். சீட் கவர், டேங்க் கவர், கைப்பிடி உறை, ஸ்டிக்கர் எதுவும் அன்றைக்கே வேண்டியதில்லை. 1,500 ரூபாய்க்குள் முடியும்.

இன்சூரன்ஸ் 9,850 என்று இருக்கிறது. உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2018 செப்டம்பர் 1 முதல் புது இருசக்கர வாகனத்துக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை ஐந்து வருடத்துக்குச் சேர்த்து எடுத்தாக வேண்டும். 2022 ஜூன் மாதக் கட்டணப்படி 75 முதல் 150 சிசி வரை அது 3,851 ரூபாய், ஜி.எஸ்.டி சேர்த்து 4,544. இது எந்த கம்பெனியிலும் ஒன்றுதான். வித்தியாசம் வருவது வண்டிக்கான சொந்தச் சேதக் காப்பீட்டிலும் அதோடு ஒட்டும் கூடுதல் அம்சங்களிலும். சொந்தச் சேதத்தை ஒரு வருடத்துக்கு மட்டும் எடுத்தால் போதும். தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் ‘ஜீரோ டிப்ரிசியேஷன்’ அம்சத்தை மட்டும் முதல் வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதிப் பணம்தான் வரும். இன்றைய பைக்கில் விழுந்தால் முதலில் உடைவதே பிளாஸ்டிக்தான். ஷோரூம் காட்டும் கம்பெனியில்தான் பாலிசி எடுக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. இன்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் வாங்கிக்கொண்டு வெளியே இரண்டு இடத்தில் விலை கேளுங்கள். 7,500-க்குள் முடிய வாய்ப்பு அதிகம். ஷோரூமே அந்த விலைக்கு இறங்கி வந்தால் அங்கேயே எடுங்கள். கிளெய்ம் நேரத்தில் அவர்கள் ஒர்க்‌ஷாப்பில் பணம் கட்டாமல் வேலை முடிவது சௌகரியம்தான்.

ஆக, வண்டி 1,13,000 ரூபாய்க்குள் வந்துவிடுகிறது. கையில் இருக்கும் 33,500 போக 80,000 கடன் போதும். அதே 3,250-ஐ மாதம் கட்டினால் 27-ஆவது மாதம் கடன் முடிந்துவிடும். ஷோரூம் லோனில் அதற்குப் பிறகும் ஒன்பது தவணை பாக்கி இருக்கும். கிட்டத்தட்ட 30,000 ரூபாய். உங்கள் சம்பளத்தில் அது எத்தனை நாள் உழைப்பு என்று உங்களுக்கே தெரியும்.

ரொக்கத்துக்கு மூன்று வாரம், லோனுக்கு இரண்டு நாள் என்பதை நான் ஏற்கவில்லை. வண்டி இருப்பில் இருந்தால் இருவருக்கும் இருக்கிறது, இல்லையென்றால் இருவருக்கும் இல்லை. சேல்ஸ் ஆளிடம் வாதாட வேண்டாம். மேனேஜரைப் பார்த்து, கொழுந்தனார் பெயரைச் சொல்லி, டெலிவரி தேதியை புக்கிங் ரசீதில் எழுதிக் கேளுங்கள். கேள்வி கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று தயங்காதீர்கள். நல்ல பெயர் எடுத்த ஷோரூம் அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்க்கும். ஒத்துவராவிட்டால் அதே கம்பெனியின் இன்னொரு டீலரிடம் வாங்கிக்கொண்டு, சர்வீஸை மட்டும் இந்த இடத்தில் விடலாம். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர் எதுவானாலும் கம்பெனி வாரன்டி செல்லும். ஹேண்ட்லிங் சார்ஜை எடுக்கவே மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தால், அதைத் தனி வரியாகக் காட்டி பில் வாங்கிக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள்.

பணத்தை ஷோரூமின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். சேல்ஸ் பையன் ‘என் நம்பருக்கு ஜிபே பண்ணிடுங்க மேடம், நான் உள்ள கட்டிடுறேன்’ என்றால் கட்டாயம் மறுத்துவிடுங்கள். புக்கிங் தொகைக்குக்கூட ரசீது வேண்டும். டெலிவரி அன்று இருக்கும் விலைதான் பில்லில் வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். 2025 செப்டம்பர் 22-இல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தபோது, முன்பே புக் செய்துவிட்டு அதற்குப் பிறகு டெலிவரி எடுத்தவர்களுக்குக் குறைந்த விலைதான் விழுந்தது. விலை ஏறினாலும் இதே கதைதான். ஷோரூம் தரும் விற்பனைச் சான்றான படிவம் 21-இல் வண்டி தயாரான மாதமும் வருடமும் இருக்கும். பழைய வருட ஸ்டாக் என்றால் தள்ளுபடி கேளுங்கள், அல்லது வேறு வண்டி கேளுங்கள்.

இனி முதலில் சொன்ன பெயர் விஷயம். பாலிசியில் ‘உரிமையாளர் - ஓட்டுநர்’ விபத்துக் காப்பீடு என்று 15 லட்சம் ரூபாய்க்கு ஒன்று வருகிறது. வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவர், செல்லுபடியாகும் லைசென்ஸோடு ஓட்டும்போது விபத்து நடந்தால்தான் அந்தப் பணம். வண்டி உங்கள் பெயரில் இருந்து மகன் ஓட்டினால், கடவுள் காக்க, அவருக்கு ஏதாவது ஆனால் அந்த 15 லட்சம் கிடைக்காது. தினமும் திருமங்கலத்திலிருந்து மதுரைக்கு நாற்கரச் சாலையில் லாரிகளுக்கு நடுவே போய்வரப் போகிறவர் அவர்தான். லோன் சுலபமாகக் கிடைக்கும் என்பதற்காக உங்கள் பெயரைப் போடச் சொன்னவர் இதைச் சொல்லியிருக்க மாட்டார். எஃப்.டி கடன் உங்கள் பெயரில் இருக்கட்டும், அதற்கும் ஆர்.சி-க்கும் சம்பந்தமில்லை. ஆர்.சி-யும் பாலிசியும் மகன் பெயரில் இருக்க வேண்டும். அவரிடம் நிரந்தர லைசென்ஸ் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. எல்.எல்.ஆர் மட்டும்தான் என்றால், நிரந்தர லைசென்ஸ் கைக்கு வந்த பிறகே டெலிவரி எடுங்கள். இன்சூரன்ஸுக்கு விண்ணப்பிக்கும் புரோபோசல் படிவத்தில் நாமினி என்ற கட்டத்தை ஷோரூமில் பெரும்பாலும் அவசரத்தில் காலியாக விட்டுவிடுவார்கள். அதில் உங்கள் பெயரும் வயதும் உறவும் சரியாக ஏறியிருக்கிறதா என்று பாலிசி அச்சாகி வந்ததும் பாருங்கள். தவறு இருந்தால் வண்டியை எடுப்பதற்கு முன்பே திருத்தச் சொல்லுங்கள்.