காப்பாளர் கையெழுத்து போதுமா?

கேள்வி: நான் ஒரு குழந்தைகள் இல்லத்தின் கண்காணிப்பாளர். கல்லூரி ஆய்வுக்குழு ஒன்று எங்கள் பிள்ளைகளிடம் மன அழுத்தம் பற்றிக் கேள்வி கேட்டு, ரத்த மாதிரியும் எடுக்க வேண்டும் என்கிறது. ஆய்வு முறையானதா என்று பார்த்து அனுமதி தரும் நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்துவிட்டதாம். பாதுகாவலர் என்ற இடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்து நான் ஒரு கையெழுத்துப் போட்டால் போதுமாம். போடலாமா?

பதில்: போடாதீர்கள், மேடம். பிள்ளைகள் உங்கள் பராமரிப்பில் இருப்பதால் மட்டும் நீங்கள் சட்டப்படி பாதுகாவலர் ஆகிவிட மாட்டீர்கள். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 2(31)-ன்படி, பெற்றோர் போன்ற இயற்கைப் பாதுகாவலர் அல்லாத ஒருவரை, பராமரிப்பு தேவைப்படும் பிள்ளைகள் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவோ, குற்றம் சாட்டப்பட்ட சிறார்களின் வழக்குகளைப் பார்க்கும் இளைஞர் நீதிக் குழுமமோ பாதுகாவலராக ஏற்றிருக்க வேண்டும். இல்லத்துப் பிள்ளைகள் பலருக்கு அம்மாவோ அப்பாவோ ஊரில் இருப்பார்கள். ஆய்வுக்குழு அவர்களிடம் சம்மதம் கேட்கட்டும். யாருமே இல்லாத பிள்ளைக்கு நலக் குழுவிடம் எழுத்தில் உத்தரவு கேளுங்கள்.

2009-ல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டு ஒரு ஆய்வுத் திட்டம் நடந்தது. ஆந்திராவில் விடுதி மாணவிகள் பலருக்குப் பெற்றோர் இடத்தில் காப்பாளர்களும் தலைமையாசிரியர்களுமே கையெழுத்திட்டிருந்தார்கள். சில சிறுமிகள் இறந்தார்கள். அதற்குத் தடுப்பூசிதான் காரணம் என்று விசாரணையில் நிறுவப்படவில்லை. ஆனாலும் 2010-ல் திட்டம் நின்றது. 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழு அந்தக் கையெழுத்துகளையும் கடுமையாகச் சாடியது.

சரி, நெறிமுறைக் குழுவின் கடிதம்? நகல் வாங்குங்கள். குழுவின் பதிவு எண், தேதி, 'இல்லக் குழந்தைகள்' என்ற குறிப்பு, ரத்த மாதிரிக்கான ஒப்புதல் எல்லாம் அதில் இருக்கிறதா பாருங்கள். வினாத்தாளுக்கு மட்டும் அனுமதி வாங்கிவிட்டு ஊசியோடு வருவது நடக்கக்கூடியதுதான். வெளியில் படிக்கும் பிள்ளைகளிடமே செய்யக்கூடிய ஆய்வுக்கு இல்லம் எதற்கு என்றும் கேளுங்கள். ஆட்கள் ஒரே இடத்தில் கிடைப்பது ஒரு காரணமே அல்ல.

அப்புறம், பிள்ளையின் சம்மதம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி 7 முதல் 12 வயது வரை வாய்மொழியாக, அதற்கு மேல் 18 வரை எழுத்தில். நீங்கள் பக்கத்தில் நின்றால் எந்தப் பிள்ளையும் மாட்டேன் என்று சொல்லாது, தள்ளி நில்லுங்கள். பரிசு உண்டு என்று ஆய்வாளர்கள் முன்கூட்டிச் சொல்லவும் விடாதீர்கள்.

கேள்விகளுக்கு நடுவே ஒரு பிள்ளை பாலியல் கொடுமையைச் சொல்லிவிட்டால், ஆய்வு ரகசியம் என்று யாரும் மூடிவைக்க முடியாது. போக்சோ சட்டம் பிரிவு 19-ன்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். அப்போது யார் தெரிவிப்பது, பிள்ளைக்கு யார் துணை என்பதை இப்போதே ஆய்வுக்குழுவிடம் எழுதி வாங்கி, நகலை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு அனுப்புங்கள்.