கூட்டமாக சைக்கிள் ஓட்டி என்ன லாபம்?

கேள்வி: சைக்கிள் பஞ்சராகியும் பிரிட்டன் வீரர் டாம் பிட்காக் பாரிஸ் ஒலிம்பிக் மலைச் சைக்கிள் தங்கத்தை எப்படி வென்றார்?

பதில்: சக்கரத்தை மாற்றுவதற்குள் அரை நிமிடத்துக்கு மேல் பின்தங்கிவிட்டார். விடாமல் துரத்தினார். கடைசிச் சுற்றில், பாதை நடுவே நின்ற மரத்தின் மறுபக்கமாகப் புகுந்து பிரான்சின் கொரெட்ஸ்கியை முந்தினார். அந்த ஒரு திருப்பத்தை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

கேள்வி: சான் பிரான்சிஸ்கோவில் மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை கூட்டமாக சைக்கிளில் கிளம்புகிறார்களே, நெரிசலைத் தவிர என்ன லாபம்?

பதில்: 1992 செப்டம்பரில் தொடங்கிய 'கிரிட்டிகல் மாஸ்' அது. தலைவர் கிடையாது. சிக்னல் சிவப்பானாலும் கூட்டம் பிரியாமலிருக்க, இரண்டு மூன்று பேர் குறுக்குச் சாலையில் கார்களுக்கு முன்னால் சைக்கிளை நிறுத்தி நின்றுகொள்வார்கள், மற்றவர்கள் கடந்துவிடுவார்கள். 1997 ஜூலையில் போலீஸ் நூறு பேருக்கு மேல் பிடித்தும் ஊர்வலம் நிற்கவில்லை. காத்திருக்கும் கார்காரர்களின் எரிச்சல் நியாயமானதுதான். ஆனாலும் நான் சைக்கிள்காரர்கள் பக்கம். தனியாகப் போகிறவரை உரசிக்கொண்டு போகும் கார், கூட்டத்தைப் பார்த்தால் வேகத்தைக் குறைக்கும். தயங்கி நிற்கும் புதியவருக்கு அந்தப் பாதுகாப்பு பெரிய விஷயம்.

மலைப் பாதைக்கு இது சரிப்படாது. ஒற்றையடித் தடத்தில் ஈர மண்ணில் ஐம்பது பேர் பிரேக் பிடித்து இறங்கினால் பள்ளம் விழும், மழைத்தண்ணீர் அதிலேயே ஓடி அரிக்கும். அங்கே நாலைந்து பேராகப் போங்கள். நடப்பவர்களுக்கு வழி விடுங்கள்.