சனிக்கிழமை விருந்துக்கு எந்த கின்னஸ்?

தம்பி, லாகோஸ் வந்த இரண்டாம் மாதமே ஆபீஸ் நண்பர்களை வீட்டுக்குக் கூப்பிட்டுவிட்டீர்கள், ரொம்ப சந்தோஷம். இங்கே காய்ச்சும் கின்னஸை, அதாவது அயர்லாந்தில் பிறந்த அந்தக் கறுப்பு பீரை, வைத்தால் கஞ்சன் என்று நினைப்பார்களோ, விலை கூடினாலும் அயர்லாந்து டின்னே வாங்கிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். உள்ளூர் பாட்டிலையே தைரியமாக வையுங்கள்.

லாகோஸின் இகேஜா பகுதியில் கின்னஸ் ஆலை திறந்தது 1962-ல். அயர்லாந்து, இங்கிலாந்துக்கு வெளியே அவர்கள் கட்டிய முதல் ஆலை அதுதான். வருகிறவர்களில் பலருக்கு அது அப்பா காலத்துப் பானம், யாரும் மட்டமாகப் பார்க்க மாட்டார்கள்.

போன மாதம் வீட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றிப் பார்த்தேன். டின்னுக்குள் ஒரு சின்ன பிளாஸ்டிக் உருண்டை இருக்கும். திறந்ததும் அதிலிருந்து நைட்ரஜன் சீறி, நுரை பாலாடை மாதிரி மேலே படியும். வழவழவென்று தொண்டையில் இறங்கும், அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை. பாட்டில் சரக்கின் நுரை பழுப்பு, சீக்கிரம் அடங்கிவிடும். ஆனால் வாயில் வைத்தால் முதலில் வெல்லப்பாகு, அப்புறம் சிக்கரி தூக்கலான டிகாக்‌ஷன் போல ஒரு கசப்பு, அது வெகுநேரம் நாக்கிலேயே நிற்கும். ஸ்டவுட் என்கிற கறுப்பு பீர் என்றால் எனக்கு இதுதான்.

இந்தச் சுவைக்கு ஒரு காரணம் இருக்கிறது. 1988-ல் நைஜீரிய அரசாங்கம் பார்லி மால்ட் (பீருக்காக முளைகட்டி உலர்த்திய பார்லி) இறக்குமதியைத் தடை செய்தது. மதுபான ஆலைகள் சோளத்துக்கும் மக்காச்சோளத்துக்கும் மாறின. தடை பிறகு நீங்கிவிட்டது, சோளம் போகவில்லை. நம் பக்கம் மானாவாரியில் விளைகிற அதே சோளம்தான், தம்பி. இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அந்தப் பாட்டில் மேல் எனக்குத் தனிப் பிரியம். கறுப்பு நிறத்துக்கும் கருகல் மணத்துக்கும் வறுத்த பார்லிச் சாறு மட்டும் கெட்டியாக டப்ளினிலிருந்து வருகிறது. ஆக, இதைப் போலி என்று சொல்ல இடமே இல்லை.

ஒன்றில் மட்டும் கவனம். டின்னில் ஆல்கஹால் நாலு சதவீதத்துக்குச் சற்று மேல், பாட்டிலில் 7.5. ஒரு பெரிய பாட்டில், 600 மில்லி, கிட்டத்தட்ட இரண்டரை டின்னுக்குச் சமம். அதனால் சின்ன பாட்டிலாக வாங்குங்கள். வண்டி ஓட்டி வருகிறவர்களை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

வெயிலில் பாட்டில் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கும் கடையில் வாங்காதீர்கள். காலி பாட்டில்களைத் தூக்கிப் போடவும் வேண்டாம், திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்த தடவை வாங்குவது சுலபம். கரண்ட் போனாலும் பயமில்லை, இந்த ஸ்டவுட்டுக்கு லேசான குளிர்ச்சி போதும். டின் அப்படியில்லை, நன்றாகக் குளிராமல் திறந்தால் நுரை மேஜையெல்லாம் வழியும்.

தொட்டுக்கொள்ளத் தெருமுனையில் சுயா வாங்கிக்கொள்ளுங்கள். மாட்டிறைச்சியில் வேர்க்கடலைப் பொடியும் மிளகாயும் புரட்டிக் கம்பியில் சுடுவது. அந்தக் காரத்துக்கு முன்னால் டின் தண்ணீராகிவிடும், பாட்டில்தான் தாங்கும்.

முஸ்லிம் நண்பர்களும், மது கூடாது என்கிற கிறிஸ்தவ சபைகளைச் சேர்ந்தவர்களும் கட்டாயம் இருப்பார்கள். அவர்களுக்கு ஆல்கஹால் இல்லாத மால்ட்டா கின்னஸ் ஒரு டஜன் குளிரவைத்து, முதலில் அதை மேஜைக்குக் கொண்டுவாருங்கள்.