வெக்டர் அழியும்போது எது முதலில் போகும்?

பாயான் லெப்பாஸ் டெஸ்ட் எஞ்சினியர்: சி++ வெக்டரில் (உறுப்புகளை வரிசையாக வைக்கும் பட்டியல்) முதலில் லாக் (நடப்பதைப் பதிவு செய்வது), அடுத்து சீரியல் போர்ட், கடைசியில் அளவுக்கருவி. எல்லாம் யூனிக் பாயிண்டர்கள், அதாவது தான் அழியும்போது தன் பொருளையும் அழிப்பவை. என் மேக்கில் ஒழுங்காக மூடுகிறது. ஆலையின் உபுண்டுவில், ஜிசிசி கம்பைலரில், நிரல் முடியும்போது கிராஷ். கம்பைலர் கோளாறா?

கம்பைலர் மேல் பழி போடாதீர்கள். வெக்டர் தன் உறுப்புகளை எந்த வரிசையில் அழிக்க வேண்டும் என்று சி++ தரநிலை சொல்லவில்லை. மேக்கில் உள்ள லிப்சி++ நூலகம் பின்னாலிருந்து அழிக்கிறது. ஜிசிசியின் நூலகம் முன்னாலிருந்து. உபுண்டுவில் லாக் முதலில் செத்துவிடுகிறது, அப்புறம் போர்ட் "மூடிவிட்டேன்" என்று அதில் எழுதப் போகிறது. லிட்டில் இந்தியாவில் டபுள் பார்க்கிங் மாதிரிதான்: கடைசியாக வந்து மறித்தவர் முதலில் எடுக்க வேண்டும்.

வெக்டரை மொத்தமாகக் காலி செய்யும் கிளியர் உதவாது, அதற்கும் வரிசை உத்தரவாதம் இல்லை. டிஸ்ட்ரக்டரில் (பொருள் அழியும்போது ஓடும் பகுதி), வெக்டர் காலியாகும் வரை பாப்_பேக் செய்யுங்கள், அது கடைசி உறுப்பை நீக்கும். அதை உங்கள் பெரிய கிளாஸில் எழுதாமல், வெக்டரை மட்டும் வைத்திருக்கும் சின்னக் கிளாஸில் எழுதுங்கள். பெரிய கிளாஸின் கன்ஸ்ட்ரக்டர் (பொருளை உருவாக்கும் பகுதி) பாதியில் எக்ஸெப்ஷன் (பிழை அறிவிப்பு) வீசினால் அதன் டிஸ்ட்ரக்டர் ஓடவே ஓடாது. ஏற்கெனவே உருவான சின்னக் கிளாஸின் டிஸ்ட்ரக்டர் ஓடும். சின்னக் கிளாஸுக்கு மூவ் அசைன்மென்ட்டையும் (இன்னொன்றின் உள்ளடக்கத்தை இதற்குள் நகர்த்துவது) தடுத்துவிடுங்கள். பழைய உறுப்புகள் அந்த வழியாகவும் அழியும், நாம் எழுதிய வரிசையைக் கேட்காமல்.

செராஸ் மாணவி: அளவு மாறாத எஸ்டிடி அர்ரேக்கும் (std::array) இதே கதியா?

இல்லைம்மா. அதன் உள்ளே இருப்பது சாதாரண அர்ரே. கடைசி உறுப்பு முதலில் அழியும், இது தரநிலையின் உத்தரவாதம். மூன்றே கருவிகள் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன்.

பட்டர்வொர்த் வாசகர்: கன்ஸ்ட்ரக்டரில் உறுப்புகளுக்குத் தொடக்க மதிப்பு தரும் இனிஷியலைசர் பட்டியலில் வரிசையை மாற்றியும் ஒன்றும் மாறவில்லை.

மாறாது. உறுப்புகள் கிளாஸில் அறிவித்த வரிசையில் பிறக்கும், அதன் தலைகீழில் இறக்கும். ஜிசிசியில் '-டபிள்யூஆல்' (-Wall) போட்டால், இரண்டு வரிசையும் பொருந்தாதபோது எச்சரிக்கை வரும். அதைப் பாருங்கள் ஐயா, மூடி வைக்காதீர்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகர்: ரஸ்ட் மொழிக்கு மாறினால் தொல்லை தீருமா?

பெரும்பாலும் வரிசை தெளிவாக இருக்கிறது, ஆனால் வேறு வரிசை. வெக் (ரஸ்ட்டின் வெக்டர்) இப்போது முதல் உறுப்பிலிருந்து விடுவிக்கிறது, ஆனால் அதன் ஆவணம் அந்த வரிசைக்கு உத்தரவாதம் தரவில்லை. ஸ்ட்ரக்ட்டின் புலங்கள் அறிவித்த வரிசையிலேயே போகும். லோக்கல் மாறிகள் மட்டும் தலைகீழாக. சி++ பழக்கத்தில் லாக்கை மேலே எழுதினால் அதுதான் முதலில் போகும். ரஸ்ட் ஸ்ட்ரக்ட்டில் அதைக் கடைசியில் எழுதுங்கள்.