டாக்டரைக் கேளுங்க: எல்லாமே பிங்க்கா தெரியுதே!

கேள்வி: என் பொண்ணு எம்பிபிஎஸ் முடிச்சு நீட் பிஜி எழுதினா, கிடைச்சது எம்டி பேத்தாலஜி, அதாவது நோய்க்குறியியல். லேப்ல உக்காந்து ரத்தம் டெஸ்ட் பண்றதுக்கா இவ்ளோ படிக்க வெச்சோம்னு அவங்க அப்பா புலம்புறாரு.
— ஒரு அம்மா, கும்பகோணம்

பதில்: இதை அவர்கிட்ட அப்படியே படிச்சுக் காட்டுங்கம்மா. ரத்தம் எடுக்குறது, மெஷின்ல ஓட்டுறதெல்லாம் டெக்னீஷியன் பாத்துப்பாங்க, மெஷின் முழிக்குற எடத்துலதான் பேத்தாலஜிஸ்ட் வேலையே ஆரம்பிக்குது. முதல் வருஷத்துலயே கிராஸிங் டேபிள்ல, அதாவது ஆபரேஷன்ல எடுத்த உறுப்பை வெட்டிப் பாக்குற மேஜையில, நிக்க வெச்சுடுவாங்க. உறுப்பு கெடாம இருக்க ஊத்துற ஃபார்மலின் நெடி கண்ணைக் கரிக்கும், ஆபரேஷன்ல எடுத்த மார்பகம் டப்பாவுல வந்திருக்கும், அதை அளந்து, வெட்டுன ஓரத்துக்கு இங்க் தடவி, துண்டு துண்டா சீவி, கட்டி ஓரத்துலேர்ந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்குன்னு குறிச்சு, கூட வந்த அக்குள் கொழுப்பை விரலால நசுக்கி நசுக்கி நெறி கட்டியெல்லாம் தேடி எடுக்கணும். அவ தேடாம விட்ட ஒரே ஒரு நெறியில கேன்சர் இருந்தா ஸ்டேஜே தப்பாயிடும், வைத்தியமும் தப்பாயிடும். அப்புறம் ஃப்ரோசன் செக்ஷன்னு ஒண்ணு, பேஷன்ட் மயக்கத்துலயே டேபிள்ல கிடப்பாரு, உள்ள சர்ஜன் கையைக் கட்டிட்டு நிப்பாரு, இங்க சதைத் துண்டை உறைய வெச்சு சீவி சாயம் போட்டு கேன்சரா இல்லையான்னு ஏறக்குறைய 20 நிமிஷத்துல சொல்லியாகணும். இதோட ஊசி போட்டு செல் எடுத்துப் பாக்குறது, எலும்பு மஜ்ஜை, பிளட் பேங்க், தீசிஸ்னு மூணு வருஷமும் ஓடியே போயிடும். ஒரு குறை உண்டு, பேஷன்ட் யாரும் தேங்க்ஸ் சொல்ல மாட்டாங்க, ரிப்போர்ட்டுக்குக் கீழ கையெழுத்து யாரோடதுன்னு யாரு பாக்குறா.

கேள்வி: செகண்ட் இயர் எம்பிபிஎஸ் படிக்கிறேன் டாக்டர். எந்த ஸ்லைடைப் பாத்தாலும் பிங்க்கும் வயலட்டுமா ஒரே மாதிரி தெரியுது. ஸ்லைடைப் பாத்து என்னன்னு எழுதுற ஸ்பாட்டர் டெஸ்ட்ல குருட்டாம்போக்குல எழுதிட்டு வரேன்.
— மாணவர், மதுரை

பதில்: தம்பி, ஹெமடாக்சிலின்ங்கிற சாயம் செல்லோட உட்கருவை நீலமாக்கும், ஈயோசின்ங்கிற சாயம் மத்த எல்லாத்தையும் பிங்க் ஆக்கும், இருக்குறதே ரெண்டு கலர்தான், அதனால கலரை விட்டுட்டு அமைப்பைப் பாரு. ரெக்கார்டுல பென்சில் சீவிச் சீவி அழகா கலர் அடிக்கிறீங்க, மைக்ரோஸ்கோப்ல பாக்குறது எத்தனை பேரு? ஸ்லைடை வெச்சதும் 40 எக்ஸ் லென்ஸுக்குத் தாவுறது தெருவே தெரியாம கதவு நம்பரைத் தேடுற மாதிரி. முதல்ல ஸ்லைடை வெளிச்சத்துக்கு நேரா தூக்கி வெறும் கண்ணால பாரு, அப்புறம் 4, 10, கடைசியாதான் 40. பத்துல நல்லா தெரிஞ்சது 40ல எவ்ளோ திருகினாலும் ஃபோகஸ் ஆகலையா, ஸ்லைடைத் தலைகீழா வெச்சிருக்க, மேல மூடுற மெல்லிசுக் கண்ணாடி, அதான் கவர்ஸ்லிப், அடியில போயிருக்கும், இன்னும் திருகாத, உடையும்.

என் கதையையும் கேளு. பிஜி முதல் வருஷம், நைட் டியூட்டி, ரத்தத்தை மெல்லிசா தேய்ச்ச ஒரு ஸ்மியர் ஸ்லைடுல சிவப்பணுவுக்குள்ள ஊதாவா ஒரு புள்ளி, மலேரியான்னு குதிச்சுட்டேன். சீனியர் அக்கா வந்து ஃபைன் ஃபோகஸை லேசா அசைச்சாங்க, அணு மங்குச்சு, புள்ளி மட்டும் பளிச்சுன்னு நின்னுச்சு, சுத்தி மெல்லிசா வெளுப்பா ஒரு வளையம் வேற. அணு மேல ஏறி உக்காந்திருந்த பிளேட்லெட் அது! உள்ள இருக்கா மேல இருக்கான்னு கைதான் சொல்லும், புக்கு சொல்லாது.

காலேஜ் மியூசியத்துக்கும் போ. இதயம் ரொம்ப நாளா பலவீனமா இருந்தா ஈரல்ல ரத்தம் தேங்கி ஜாதிக்காய் மாதிரி ஆயிடும்னு மனப்பாடம் பண்ணிருப்ப, வீட்டு அஞ்சறைப்பெட்டிலேர்ந்து ஒரு ஜாதிக்காயை எடுத்து ரெண்டா வெட்டிப் பாத்துட்டு ஜாடியில இருக்குற ஈரலைப் பாரு, அப்புறம் மறக்கவே மாட்ட.

கேள்வி: போஸ்ட்மார்ட்டம் பண்றவங்கதானே பேத்தாலஜிஸ்ட்?
— வாசகர், சேலம்

பதில்: டிவி சீரியல் நிறைய பாக்குறீங்க போல. நம்ம ஊர்ல போலீஸ் கேஸ் போஸ்ட்மார்ட்டம் ஃபாரன்சிக் மெடிசின் டிபார்ட்மென்ட் வேலை, அங்கேர்ந்து உறுப்புத் துண்டு பரிசோதனைக்கு வந்தா நாங்க பாத்து எழுதுவோம்.