ஹெச்ஐவி மாத்திரை சாப்பிடுறதால ஆண்மைக் குறைவு வருமா? நிறுத்திட்டா சரியாயிடுமா?

தம்பி, மொதல்ல மாத்திரைய நிறுத்திராதீங்க. மத்ததெல்லாம் அப்புறம் பேசுவோம். நான் நிறுத்திப் பாத்தவன், அதான் சொல்றேன்.

நான் தங்கச்சிமடம் பக்கம், விசைப்படகுக்குப் போறவன், வயசு 48. 2013ல பாசிட்டிவ்னு தெரிஞ்சுச்சு. எப்படி வந்துச்சுங்கிற கதை இங்க வேணாம், எங்க வீட்ல தெரியும் அது போதும். என் சம்சாரத்துக்கு நெகட்டிவ், இன்னைக்கு வரைக்கும் நெகட்டிவ். எனக்கு சிடி4, அதான் உடம்போட எதிர்ப்பு சக்திய காட்டுற அளவு, 210 தான் இருந்துச்சு, ராமநாதபுரத்துல ஹெச்ஐவி மாத்திரை குடுக்குற ஏஆர்டி சென்டர்ல மாத்திரை ஆரம்பிச்சாங்க. அப்ப குடுத்தது எபவிரன்ஸ் கலந்தது, ராத்திரி போட்டா தலை கிறுகிறுன்னு வரும், தூங்குனா கண்ட கனவு, படகுல படுத்தா கடல் ஆடுதா நான் ஆடுறனான்னே தெரியாது.

ஒரு ரெண்டு வருசத்துல உடம்பு தேறிருச்சு, எடை ஏறிருச்சு, ஆனா அந்த விசயம் மட்டும் வரல. ஆசை இருக்கும், பக்கத்துல போனா ஒண்ணும் இருக்காது. உங்கள மாதிரியேதான் நானும் மாத்திரை மேல பழிய போட்டேன். 2016 மீன்பிடி தடைக்காலம், அப்ப ஏப்ரல் 15ல இருந்து 45 நாள் கடலுக்குப் போக முடியாது, சும்மா உக்காந்திருந்தா மனசு பூராம் இதுலயே நிக்கும். யாருக்கும் தெரியாம மதுரைல ஒரு லாட்ஜுல மாசத்துக்கு ஒருக்க வர்ற வைத்தியர்ட்ட போனேன். பேர் வேணாம். அந்த ஆளு "இங்கிலீஷ் மாத்திரைதான் நரம்ப சுட்டுருச்சு, அத நிறுத்து"ன்னு சொல்லி லேகியம் பொடி எண்ணெய்னு 18,000 ரூவா வாங்கிட்டாரு. தடைக்கால நிவாரணம் எம்புட்டுன்னு தெரிஞ்சவங்களுக்கு அந்த 18,000 எம்புட்டுப் பெருசுன்னு புரியும்.

நாலு மாசம் மாத்திரை போடல. விறைப்பும் வரல, வாய் பூராம் வெள்ளை வெள்ளையா படிஞ்சு சோறு எறங்கல, சிடி4 மறுபடி சரிஞ்சுருச்சு. நம்ம நேரம், அந்த இடைவெளில வைரஸ் மாத்திரைக்கு பழகிப் போகல, பழகியிருந்தா அடுத்த கட்ட மருந்துக்கு போயிருக்கணும். (ஆண்மைக் குறைவ குணப்படுத்துறேன்னு விளம்பரம் பண்றதே 1954 சட்டப்படி குத்தம், நம்ம ஊர் டிவில பாத்தா அப்படி ஒரு சட்டம் இருக்குறது யாருக்கும் தெரிஞ்ச மாதிரி இல்ல.)

திரும்ப சென்டருக்கு போனப்ப அங்க ஆலோசனை சொல்ற கவுன்சிலர் அக்கா ஏன் நிறுத்துனீங்கன்னு கேட்டாங்க. நான் "தொழில்ல மறந்துட்டேன் மேடம்"னேன். அவங்க விடல. "அண்ணே, காலைல எந்திரிக்கும்போது விறைப்பு இருக்கா"ன்னு பட்டுன்னு கேட்டாங்க, ஒரு பொம்பள என்னைய இப்படி கேப்பாங்கன்னு நான் நெனைக்கவே இல்ல, காது ரெண்டும் சுட்டுருச்சு. எப்பவாச்சும் இருக்குன்னேன். அப்ப ரத்தக் குழாய் முழுசா அடைச்சுப் போகல, மனசும் பாதி காரணம்னு சொன்னாங்க. என்ன பயம் உங்களுக்குன்னு கேட்டாங்க. அப்பதான் வாயில வந்துச்சு, அவளுக்கு தொத்திருமேன்னு. காண்டம் போட்டாலும் கிழிஞ்சா என்ன பண்றதுன்னு அதையே நெனச்சுக்கிட்டு கிடந்தா எங்கிட்டு எந்திரிக்கும்?

இதுக்கு மருந்து ஒரு பேப்பர்ல வந்துச்சு. 2019ல வைரல் லோடு, அதான் ரத்தத்துல வைரஸ் எம்புட்டு இருக்குன்னு பாக்குற டெஸ்டு, எடுத்தப்ப "டார்கெட் நாட் டிடெக்டட்"னு வந்துச்சு, டெஸ்டுல தெரியுற அளவுக்கு வைரஸ் இல்லன்னு அர்த்தம். மாத்திரைய ஒழுங்கா போட்டு வைரல் லோடு 200க்கு கீழயே நின்னா உடலுறவு மூலமா அடுத்தவங்களுக்கு தொத்தாது. வெளிநாட்டுல ஒருத்தருக்கு மட்டும் ஹெச்ஐவி இருக்குற 888 ஜோடிய வச்சு பார்ட்னர்னு ஒரு ஆராய்ச்சி பண்ணி 2016ல வெளியிட்டாங்க, காண்டம் இல்லாம இருந்தும் துணைகிட்ட இருந்து ஒருத்தருக்கும் வரலையாம். அக்கா எங்க வீட்டு ஆளையும் கூட்டிட்டு வரச்சொல்லி ரெண்டு பேரையும் உக்காரவச்சு சொன்னாங்க. அவ மல்லிப் பதியன் போடுற வேலைக்கு அரை நாள் லீவு போட்டுட்டு வந்திருந்தா. கேட்டு முடிச்சதும் அவ சொன்னது, "இம்புட்டு வருசமா என்னையத்தான் ஒனக்கு பிடிக்கலன்னு நெனச்சுட்டு இருந்தேன்." பஸ்ஸுல வரும்போது பாம்பன் பாலம் தாண்டுற வரைக்கும் நான் பேசவே இல்ல.

ஆனா பயம் போனா மட்டும் எல்லாம் சரியாயிரும்னு சொன்னா பொய். எனக்கு பாதிதான் சரியாச்சு. மீதி எங்க இருந்துச்சுன்னா சுகர்ல. 2021ல மாத்திரைய டிஎல்டிங்கிற புது ஹெச்ஐவி கூட்டு மாத்திரைக்கு மாத்துனாங்க, கனவு தொல்லை போச்சு, அப்ப எடுத்த டெஸ்டுல மூணு மாச சராசரி சுகர் (HbA1c) 9.4, ரொம்ப அதிகம். சுகரும் பீடியும் சேந்து ரத்தக் குழாய கெடுக்கும், அந்த எடத்து குழாய் சின்னது, அதனால அங்கதான் மொதல்ல தெரியும், நெஞ்சுல பின்னாடி. ஹெச்ஐவி இருந்தா இந்த குழாய் பிரச்சினை கொஞ்சம் சீக்கிரமே வர்றதும் உண்டு. பீடிய விட எட்டு மாசம் ஆச்சு. டிஎல்டி சாப்பிடுறவங்க சுகருக்கு மெட்பார்மின் போட்டா ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் தாண்டக்கூடாதும்பாங்க, அதனால சுகர் டாக்டர்கிட்ட ஏஆர்டி சென்டர்ல குடுத்த பச்சை புக்க மறைக்காதீங்க.

ஆண் ஹார்மோன் டெஸ்டும் எடுத்தேன். இதுல ஒண்ணு கவனிங்க, காலைல எட்டு மணி வாக்குல எடுக்கணும், மத்தியானம் எடுத்தா கம்மியா காட்டும். நமக்கெல்லாம் மொத்த அளவு நார்மலா காட்டிட்டு உடம்புக்கு பயன்படுற அளவு கம்மியா இருக்கலாம், அதனால ப்ரீ டெஸ்டோஸ்டிரோன் பாக்கச் சொல்லுங்க. எனக்கு ஹார்மோன் ஊசி போடுற அளவுக்கு கொறையல. உங்களுக்கு இன்னும் பிள்ள பெத்துக்கணும்னா அந்த ஊசிய யார் சொன்னாலும் அவசரப்பட்டு போட்றாதீங்க, விந்தணு உற்பத்திய அது நிறுத்திரும்.

மெடிக்கல்ல போய் வயாகரா மாத்திரைய சும்மா வாங்கிப் போடுற பழக்கம் நம்ம பக்கம் நெறைய. எனக்கும் டாக்டர் 50 மில்லிகிராம் எழுதிக் குடுத்தாரு, வேலை செஞ்சுச்சு, இப்ப எப்பவாச்சும்தான். டிஎல்டியோட அதுக்கு சண்டை இல்ல. ஆனா ரெண்டாவது கட்ட மருந்துல ரிட்டோனவிர் இருக்குறவங்க உடம்புல அது பல மடங்கு ஏறிரும், அவங்களுக்கு 25 மில்லிகிராம்தான், அதுவும் ரெண்டு நாளைக்கு ஒண்ணுக்கு மேல கூடாது. நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடில வைக்கிற மாத்திரை போடுறவங்க தொடவே கூடாது, பிரஷர் எறங்கி ஆளே போயிரும்.

கடல் அட்டை சூப்பு குடி, கடல் குதிரைய காயவச்சு பொடி பண்ணுன்னு எங்க பக்கமும் சில பேரு சொல்லுவாங்க. ரெண்டும் 2001ல இருந்து பிடிக்கவே தடை, மாட்டுனா ஜெயிலு. நாங்களே அத சாப்பிட்டது கிடையாது, கள்ளத்தனமா வெளிநாட்டுக்குத்தான் போகும்.

சென்டர்ல இத கேக்க வெக்கமா இருந்தா 1097க்கு போன் போடுங்க, காசு கிடையாது, பேர் சொல்ல வேண்டியதும் இல்ல. இல்லாட்டி அடுத்த தடவ மாத்திரை வாங்கப் போகும்போது அவங்க கேக்குற வரைக்கும் காத்திருக்காம "காலைல இருக்கு, ராத்திரி இல்ல"ன்னோ "எப்பவுமே இல்ல"ன்னோ ஒரு வரி சொல்லிருங்க. அந்த ஒரு வரிய சொல்ல எனக்கு மூணு வருசமும் 18,000 ரூவாயும் ஆச்சு.